டெவன் ஆவணக் காப்பகம்: 1816-க்கு முன்னால் போவது எப்படி?

கும்பகோணம் மீனா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில், டெவன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எக்ஸிடருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கணவர் டெவன்காரர். பரம்பரையாக இந்தக் கவுண்டிக்குள்ளேயே பண்ணைக் கூலி வேலை பார்த்த குடும்பம். என் பக்கத்துக் கதை என் பெண்களுக்கு அத்துப்படி. குலதெய்வம் எங்கே இருக்கிறது, எந்த ஊரை விட்டுக் கும்பகோணம் வந்தோம், பாட்டிக்குப் பாட்டி பேர் என்ன, எல்லாம் சொல்வார்கள். அப்பா பக்கம் கேட்டால் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் இதில் இறங்கினேன்.

1921 சென்சஸிலிருந்து பின்னோக்கி 1851 வரை வந்துவிட்டேன். இணையத்திலேயே கிடைத்தது. 1851-இல் ஒரு வில்லியம், வயது 57, பண்ணைக் கூலி. பிறந்த ஊர் என்று எந்தப் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்) எழுதியிருக்கிறதோ, அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவே இல்லை. 1816-இல் அவருக்குத் திருமணம் ஆனது கிடைக்கிறது, ஆனால் அதில் அப்பா பேர் இல்லை. உயில் தேடு என்று ஒருவர் சொன்னார். கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் ஏதாவது கிடைக்குமா? இணையத்தில் இருப்பதுதானே அங்கேயும் இருக்கும்?

ஏட்டுச்சுவடி:

போங்கள் அம்மா, கண்டிப்பாகப் போங்கள். ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தில் ஒரு கவுண்டி காப்பகத்தில் தன்னார்வலராகப் பட்டியல் போடும் வேலை பார்க்கிறேன். அங்கே பெட்டி பெட்டியாக இருப்பதில் இணையத்துக்கு வந்தது ஒரு சிறு பங்குதான்.

முதலில் உயில் விஷயம். 1858-க்கு முன்னால் உயில்களைச் சரிபார்த்துப் பதிந்தவை திருச்சபை நீதிமன்றங்கள். டெவன் உயில்கள் எக்ஸிடரில் இருந்தன. 1942 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் எக்ஸிடரைக் குண்டு போட்டுக் கொளுத்தியபோது அத்தனையும் அநேகமாக எரிந்து போயின. அங்கே கொண்டுபோய் வைத்திருந்த பக்கத்துச் சாமர்செட் கவுண்டியின் உயில்களும் சேர்ந்து போயின. வரிக்காக எடுத்த நகல்கள் 1812 முதல் 1857 வரை தனியே இருந்ததால் தப்பின, அவை டெவன் காப்பகத்தில் உண்டு. பெரிய சொத்துக்காரர்கள் கேன்டர்பரி நீதிமன்றத்தில் பதிந்த உயில்கள் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பண்ணைக் கூலி உயில் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

திருமணப் பதிவில் அப்பா பேர் இல்லாதது இயல்பு. 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கிய பிறகுதான் இரண்டு பேருடைய அப்பா பேரும் தொழிலும் எழுதினார்கள். அதற்கு முன், 1754 முதல், மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்தோ குறியோ போட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சாட்சிகள் பேரைப் பார்த்தீர்களா? இணையப் பட்டியலில் அது பெரும்பாலும் வராது. பதிவேட்டின் படத்தைத் திறந்து பாருங்கள். சாட்சி பல நேரம் அண்ணனாகவோ அக்கா புருஷனாகவோ இருப்பார்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் வில்லியம் ஏழை. ஏழையைப் பற்றி அந்தக் கால இங்கிலாந்து நிறைய எழுதி வைத்தது, ஏனென்றால் அவரால் ஊருக்குச் செலவு வரும். 1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே வரி வசூலித்துக் காப்பாற்ற வேண்டும். 1662 சட்டம், யார் எந்தப் பாரிஷின் பொறுப்பு என்பதை முடிவு செய்ய வழி வகுத்தது. அதற்குச் செட்டில்மென்ட் என்று பேர். அப்பாவின் ஊர் பிள்ளைக்கு, கணவனின் ஊர் மனைவிக்கு. திருமணமாகாதவர் ஓர் ஊரில் முழுசாக ஒரு வருஷம் கூலிக்கு இருந்தால் அந்த ஊர். தொழில் பழக ஒப்பந்தம் போட்டுக் குடியிருந்தால் அந்த ஊர். வருஷத்துக்கு 10 பவுண்டு வாடகை கொடுத்தால் அந்த ஊர். யாராவது உதவி கேட்டால் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், என்ன கூலி, எங்கே கல்யாணம் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பணக்காரன் குடும்பத்தில்கூட இப்படி ஒரு வாழ்க்கை வரலாறு கிடைக்காது. இந்தத் தாள்கள் பாரிஷின் இரும்புப் பெட்டியிலிருந்து இப்போது கவுண்டி காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. வில்லியம் பேரை விட்டுவிட்டு, அந்த ஊரின் ஓவர்சீயர் தாள்களைக் கேளுங்கள். ஓவர்சீயர் என்றால் பாரிஷின் ஏழைகளைக் கவனித்த அதிகாரி.

கொங்குநாட்டான்:

ஐயா சொல்வதை மறுக்கவில்லைங்க. ஆனால் இந்தக் காலத்தில் பேருந்து ஏறிப் போய்த் தூசியில் உட்கார வேண்டுமா? டிஎன்ஏ பரிசோதனை எடுத்தால் அதே வில்லியத்தின் வாரிசுகள் யாராவது கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஏற்கெனவே இணையத்தில் வம்ச மரம் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரர் அப்படித்தான் 1600 வரை போனார். ஃப்ரீரெக் தளத்தில் தன்னார்வலர்கள் பாரிஷ் பதிவுகளைத் தட்டச்சு செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். முதலில் அதையெல்லாம் முடித்துவிட்டுப் போகலாமே.

ஏட்டுச்சுவடி:

தம்பி, ஃப்ரீரெக்கை நானும் தினமும் பார்க்கிறேன், பொன்னான வேலை. டிஎன்ஏவும் எடுக்கட்டும். ஆனால் அது இன்னாருக்கு இன்னார் உறவு என்று சொல்லும், எப்படி வாழ்ந்தார் என்று சொல்லாது. அடுத்தவர் போட்ட மரத்தை அப்படியே எடுத்து ஒட்டுவதில் எனக்குப் பெரிய பயம் உண்டு. ஒரே பாரிஷில் ஒரே பேரில் மூன்று வில்லியம் இருப்பார்கள். வயதும் ஏறக்குறைய ஒத்துவரும். ஒருவர் தவறான வில்லியத்தைப் பிடித்து மரம் போட்டால், நாற்பது பேர் அதை நகலெடுத்திருப்பார்கள். நாற்பது மரத்தில் இருக்கிறதே என்று அது உண்மையாகிவிடாது. 1600 வரை போனவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு படியிலும் மூல ஏட்டைப் பார்த்தீர்களா?

இன்னொன்று, தேதி. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், நமக்குச் சித்திரையில் பிறப்பது போல. ஆகவே பழைய ஏட்டில் 1721 டிசம்பருக்குப் பிறகுதான் 1721 ஜனவரி வரும். நம் கணக்கில் அது 1722. பட்டியல் தட்டச்சு செய்தவர் இதை எப்படி எழுதினார் என்று ஏட்டைப் பார்க்காமல் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்த மாதிரி, செத்த பிறகு கல்யாணம் ஆன மாதிரி எல்லாம் குழப்பம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

வடமராட்சியான்:

மீனா அக்கா, நான் பிளிமத்தில் இருக்கிறேன். போறதுக்கு முதல் ஒன்றைக் கவனியுங்கோ. டெவன் ஆவணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. எக்ஸிடர் சவுட்டனில் டெவன் ஹெரிட்டேஜ் சென்டர். வடக்குப் பக்கத்து ஊர்கள் என்றால் பார்ன்ஸ்டபிள். பிளிமத்தைச் சுற்றின ஊர்கள் என்றால் இங்கே தி பாக்ஸ் என்ற காப்பகம். உங்கட பாரிஷ் எதில் என்று பட்டியலில் பார்த்திட்டுப் போங்கோ. எல்லா நாளும் திறக்க மாட்டினம், முன்கூட்டியே பதிய வேணும், பெட்டியையும் முன்கூட்டியே சொன்னால் நீங்கள் போகேக்க மேசைக்கு வந்திருக்கும். பேரும் விலாசமும் காட்ட ஏதாவது அட்டை கொண்டு போங்கோ. பல கவுண்டிகளுக்குப் பொதுவாக ஆர்கைவ்ஸ் கார்டு என்று ஒன்றும் இருக்கு, நீங்கள் போகிற இடத்தில் செல்லுமா என்று கேளுங்கோ.

உள்ளே பேனா விட மாட்டினம், பென்சில்தான். பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் லாக்கருக்குள். ஏட்டைப் பஞ்சணையில் வைத்துத் திறக்க வேணும், பக்கம் மூடாமல் இருக்க ஈயமணி கோத்த துணிக்கயிறு தருவினம். கையுறை தேவையில்லை, கை கழுவித் துடைத்தால் போதும். கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிஞ்சிடும். பழைய புகைப்படம் என்றால் மட்டும் போடச் சொல்லுவினம். படம் எடுக்கக் கட்டணம் இருக்கும். எடுக்கும்போது ஒவ்வொரு படத்திலும் ஆவண எண் எழுதின துண்டு தெரியிற மாதிரி எடுங்கோ. வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் படம் எந்தக் கட்டு என்று ஒருவராலும் சொல்ல ஏலாது.

ஞானஸ்நான ஏடுகளைக் கேட்டால் அசலைத் தர மாட்டினம். மைக்ரோபிஷ் என்ற சிறு படத்தகடு அல்லது கணினியில் படம். அதுக்காக அங்கே நேரம் செலவழிக்காமல், வேறெங்கும் இல்லாத தாள்களைக் கேளுங்கோ.

கும்பகோணம் மீனா:

எல்லாருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன மாதிரி அந்தப் பாரிஷின் ஓவர்சீயர் தாள்களைக் கேட்டேன். கிடைத்துவிட்டது! நிதானமாகச் சொல்கிறேன்.

கட்டுக்குள் எல்லாம் மூன்றாக மடித்த தாள்கள். மடித்த வெளிப்பக்கத்தில் பேரும் வருஷமும் எழுதி வைத்திருந்தார்கள், அதனால் ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. 1822 என்று போட்ட ஒன்றில் வில்லியம். அச்சடித்த படிவம், இடையில் இருக்கும் வெற்றிடங்களில் பழுப்பு மையில் கை எழுத்து. வேலை கிடைக்காமல், மனைவியும் பிள்ளைகளுமாக உதவி கேட்டிருக்கிறார். மாஜிஸ்திரேட்டுகள் இரண்டு பேர் முன்னால் சொன்ன வாக்குமூலம். தான் பிறந்ததாகக் கேள்விப்பட்ட ஊர் என்று அவர் சொல்வது பக்கத்துப் பாரிஷ்! ஒன்பது வயதில் அந்த ஊர் ஓவர்சீயர்கள் தன்னை இந்த ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவரிடம் ஒப்பந்தம் போட்டு விட்டார்கள், இருபத்தொரு வயது வரை அங்கேயே இருந்தேன், அதற்குப் பிறகு எங்கும் செட்டில்மென்ட் கிடைக்கும்படி எதுவும் செய்யவில்லை என்கிறார். கீழே ஒரு கோணல் பெருக்கல் குறி. அதன் இரண்டு பக்கமும் எழுத்தர் அவர் பேரை எழுதி, இது அவர் குறி என்று போட்டிருக்கிறார். அந்தக் குறியில் மை ஒரு பக்கம் தடித்து நிற்கிறது, இறகை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

அப்புறம் பக்கத்துப் பாரிஷின் தாள்களைக் கேட்டேன். பயிற்சிப் பிள்ளைகள் பதிவேட்டில் 1803-இல் இருக்கிறார். வயது 9. அம்மா பேர் மேரி, அப்பா கட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனால் குடும்பப் பேர் இப்போது நாங்கள் வைத்திருப்பது இல்லை, அம்மாவின் பேர். அந்தப் பேரில் ஏட்டைப் பார்த்தால் 1794-இல் ஞானஸ்நானம் இருக்கிறது, திருமணமாகாத மேரியின் மகன் என்று. இவ்வளவு நாளும் இல்லாத பேரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்பது வயதுப் பிள்ளையை எப்படி ஐயா இப்படிக் கொடுத்தார்கள்? சம்பளம் ஒன்றும் எழுதவில்லையே.

ஏட்டுச்சுவடி:

வாழ்த்துகள் அம்மா. படிக்கும்போதே மனசு நிறைந்தது.

சம்பளம் கிடையாது. சாப்பாடு, துணி, படுக்க இடம், அவ்வளவுதான். 1601 சட்டத்திலேயே அந்த அதிகாரம் இருக்கிறது. ஏழைகளின் பிள்ளைகளை, பெற்றவர் சம்மதம் இல்லாமலேயே, ஓவர்சீயர்கள் இன்னொருவரிடம் கட்டி வைக்கலாம். ஆண் பிள்ளை 24 வயது வரை, பெண் பிள்ளை 21 அல்லது திருமணம் வரை. 1778-இல் ஆண் பிள்ளைகளுக்கு 21 என்று குறைத்தார்கள். உங்கள் வில்லியம் சொன்ன இருபத்தொன்று அதுதான். 1815-இல் விடுதலை, 1816-இல் கல்யாணம். பாருங்கள், எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது.

டெவனில் இந்த வழக்கம் மிக வலுவாக இருந்தது. தொழில் கற்றுக்கொடுப்பதாகப் பேர், ஆனால் பெரும்பாலும் பண்ணை வேலை. வரி கட்டும் பண்ணைக்காரர்கள் முறை வைத்துப் பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் அபராதம். சில வீடுகளில் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்ந்தார்கள், சில வீடுகளில் அடி உதை. 1802-இல் ஒரு சட்டம் வந்து, ஒவ்வொரு பாரிஷும் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. நீங்கள் பார்த்தது அதுதான். ஒரு வருஷம் முந்திக் கட்டியிருந்தால் தனி ஒப்பந்தத் தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

1851-இல் வேறு ஊரைச் சொன்னதற்கும் காரணம் விளங்குகிறது. ஒன்பது வயதிலிருந்து வளர்ந்த ஊர் அது. கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது அதையே சொல்லியிருப்பார்.

அடுத்து, குடும்பப் பேர். அவர் பிறகு எடுத்துக்கொண்டது அப்பாவின் பேராக இருக்கலாம், ஆனால் தாள் சொல்லும் வரை அப்படி எழுதாதீர்கள். திருமணமாகாத பெண் கர்ப்பமானால், பிள்ளை பாரிஷின் செலவாகிவிடும் என்று அவளை விசாரித்து அப்பன் யார் என்று சொல்ல வைப்பார்கள். அந்த ஆள் செலவை ஏற்பதாகப் பத்திரம் எழுதித் தருவார். 1793, 1794-க்கு அப்படி ஒரு பத்திரமோ வாக்குமூலமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கும்பகோணம் மீனா:

இருந்தது ஐயா. 1794 பத்திரம். பேர் நாங்கள் வைத்திருக்கும் பேர்தான். அதே பாரிஷில் பண்ணை வைத்திருந்தவர். கையெழுத்து நல்ல அழுத்தமாக, சுழித்துப் போட்டிருக்கிறார். கூடவே ஜாமீன் கொடுத்தவரின் கையெழுத்தும். மகன் கோணல் பெருக்கல் குறி, அப்பா சுழித்த கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருடைய பிள்ளையை ஒன்பது வயதில் அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு சங்கடம். மாமியாருக்கு 84 வயது. குடும்பப் பேரில் பெருமை உள்ளவர். இதை எப்படிச் சொல்வது?

தாமிரபரணி:

மீனாக்கா, நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்காக எழுதுகிறேன். முதலில் ஒன்று, இணைய மரத்தில் பொதுவாகப் போடுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமாவது தெரிந்தால் அதுதான் வலிக்கும். உயிரோடு இருப்பவர்கள் பேர், பிறந்த தேதி எதையும் பொதுவில் போடவே வேண்டாம்.

மற்றபடி பயப்படாதீர்கள். எங்கள் வீட்டில் என் கணவரின் தாத்தா அனாதை விடுதியில் வளர்ந்தவர் என்பதை மறைத்தே வைத்திருந்தார்கள். தாளைக் காட்டி மெதுவாகச் சொன்னபோது மாமனார் கேட்டது, அவருக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போட்டார்களா என்றுதான். வயதானவர்களுக்கு நாம் நினைப்பதைவிட மனசு பெரிசு. பண்ணைக்காரரிலிருந்து ஆரம்பிக்காமல் மேரியிலிருந்து ஆரம்பியுங்கள்.

கொங்குநாட்டான்:

மீனா அவர்களே, ஒப்புக்கொள்கிறேன்ங்க. டிஎன்ஏ எடுத்திருந்தால் அந்தப் பண்ணைக்காரர் வம்சத்தோடு உறவு காட்டியிருக்கலாம், ஆனால் வில்லியத்தின் கதை வந்திருக்காது. இப்போது பத்திரம் சொல்வது சரிதானா என்று உறுதிப்படுத்த டிஎன்ஏவும் எடுத்தால் நல்லது என்பது என் கருத்து. மேரி சொன்ன பேர், அவ்வளவுதானே. அவரை மிரட்டிச் சொல்ல வைத்திருக்கவும் கூடும்.

ஏட்டுச்சுவடி:

தம்பி சொல்வது நியாயம். பத்திரம் சட்டப்படி அப்பா யார் என்று சொல்கிறது. ரத்தம் வேறு கேள்வி. இரண்டையும் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

வடமராட்சியான்:

இடையில் ஒரு விஷயம் சொல்லலாமோ? எக்ஸிடர்ப் பக்கம் இருக்கிறபடியால் சொல்லுறன். எங்கட ஊர்க் கடலைப் பாக் நீரிணை என்கிறோமே, அந்தப் பாக் டெவன்காரர். ராபர்ட் பாக், ஆஷ்பர்ட்டனில் 1717-இல் பிறந்து, பாதிரியாராகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய், 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னர். சேர்த்த பணத்தோடு திரும்பி வந்து எக்ஸிடருக்குப் பக்கத்தில் ஹால்டன் பண்ணையை வாங்கினார். அந்த மலைமேல் வெள்ளையாக ஒரு முக்கோணக் கோபுரம் நிற்குது பாருங்கோ, அதை 1788-இல் கட்டினதும் அவர்தான், நண்பர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் நினைவாக. திருச்சிராப்பள்ளி முற்றுகையில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கின அதே லாரன்ஸ். கல்லறை கீழே டன்சிடாக் தேவாலயத்தில்.

ஏன் சொல்லுறன் என்றால், இப்படி மதராஸிலிருந்து திரும்பின வீடுகள் நம்மட ஆட்களையும் வேலைக்குக் கூட்டி வந்திருக்கு. இங்கிலாந்துப் பாரிஷ் ஏடுகளில் இந்தியாவில் பிறந்த வேலைக்காரர்களின் ஞானஸ்நானமும் அடக்கமும் இருக்கு. லண்டனில் 1616 டிசம்பர் 22-இலேயே வங்காள விரிகுடாப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பீட்டர் என்று ஞானஸ்நானம் கொடுத்த பதிவு இருக்கு. காப்பகத்தில் ஏடு புரட்டுகிற தமிழ் ஆட்கள் அப்படி ஏதாவது கண்டால் குறித்து வையுங்கோ. அந்தப் பேர்களைத் தேட வேறு ஆள் இல்லை.

கும்பகோணம் மீனா:

தினமும் அந்தக் கோபுரத்தைக் கடந்துதான் போகிறேன், இது தெரியாது! கட்டாயம் குறித்து வைக்கிறேன்.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். தாமிரபரணி சொன்ன மாதிரி மேரியிலிருந்து ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டார். பண்ணைக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பையன் ஒன்பது வயதில் போன பிறகு மேரி என்ன ஆனாள், அவனைப் பார்க்க விட்டார்களா, இதுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயா, மேரியை எங்கே தேடுவது?

ஏட்டுச்சுவடி:

முதலில் ஓவர்சீயர்களின் கணக்குப் புத்தகம். யாருக்கு என்றைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று வாரா வாரம் எழுதியிருப்பார்கள். மேரிக்கு வாரப்படி, பிரசவத்துக்கு மருத்துவச்சி, வில்லியத்துக்கு ஒரு ஜோடி செருப்பு, சட்டைக்குத் துணி என்று வரும். பண்ணைக்காரர் கட்டிய பணம் வரவுப் பக்கத்தில் வரும். எந்த வருஷம் நின்றது என்று அங்கே தெரிந்துவிடும். உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மேரியின் பேர் கணக்கிலிருந்து திடீரென மறைந்தால் மூன்று வழி. இறந்திருக்கலாம், அடக்க ஏட்டைப் பாருங்கள். ஊரை விட்டு வேலைக்குப் போயிருக்கலாம். இல்லை, திருமணம் ஆகியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. கல்யாணம் ஆனால் கணவனின் பாரிஷ்தான் அவள் பாரிஷ், குடும்பப் பேரும் மாறிவிடும். சுற்றியுள்ள ஊர்களின் திருமணப் பதிவுகளுக்கு டெவன் குடும்ப வரலாற்றுச் சங்கம் நல்ல அட்டவணைகள் போட்டிருக்கிறது, அதில் 1795 முதல் 1810 வரை தேடுங்கள்.

1780 முதல் 1832 வரையான நிலவரிப் பட்டியலையும் கேளுங்கள். ஒவ்வொரு வருஷமும் எந்தப் பண்ணையில் யார் குடியிருந்தார் என்று இருக்கும். வில்லியம் வளர்ந்த பண்ணையின் பேர் அதில் கிடைத்தால், 1840 வாக்கில், திருச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் டைத் வரிக்காகப் போட்ட வரைபடத்தில் அந்த வயல்களையே பார்க்கலாம். ஒவ்வொரு வயலுக்கும் எண், பேர், உழவு நிலமா மேய்ச்சலா, எத்தனை ஏக்கர் எல்லாம் கூடவே உள்ள பட்டியலில் உண்டு. அந்த வீடு இன்னும் நின்றால் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வரலாம்.

கும்பகோணம் மீனா:

வியாழக்கிழமைக்குப் பதிந்துவிட்டேன் ஐயா. கணக்குப் புத்தகத்தையும் நிலவரிப் பட்டியலையும் கேட்டிருக்கிறேன். மாமியாரும் வருகிறேன் என்கிறார். பழைய கையெழுத்து தனக்கு நன்றாகப் படிக்க வரும், அவர் பாட்டி எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்குமாம்.

வடமராட்சியான்:

அப்ப அவருக்கும் தனியாகப் பதிய வேணும் அக்கா. விலாசம் போட்ட அட்டையைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கோ. பூதக்கண்ணாடி அங்கேயே தருவினம்.